மூன்றாம் அதிகாரத்து மாமியார்

மஞ்சக்குப்பம், கடலூர்
12.6.2023

கர்த்தருக்குள் அன்பான மருமகள் ரூத்துக்கு அத்தை ஞானப்பூ எழுதுவது. தேவ கிருபையில் இங்கே எல்லாரும் சுகம். சிதம்பரத்தில் நீ சுகம்தானே? ஆஸ்பத்திரி லேபில் நின்று நின்று உனக்குக் கால் வீங்குமே, இப்போது எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. என் வலது காது போன மாதத்தோடு மூடிக்கொண்டது. இடது காதுக்கு ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கிறது. ஸ்பீக்கர் போட்டால் மூத்தவன் இளவரசு, அவன் பெண்டாட்டி, பக்கத்து வீட்டு நாய் வரைக்கும் கேட்கிறது. மாமியாரும் மருமகளும் பேசுவதை ஊரே கேட்க வேண்டுமா? பதிலைத் தெருமுனையில் சைதுன் பீவியின் தையல் கடை விலாசத்துக்குப் போடு. அவள் பத்திரமாகக் கொடுப்பாள்.

நல்ல சேதி ஒன்று. அக்டோபர் 29 பெண்கள் ஞாயிறு. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் சர்ச்சில் பெண்கள் கைக்கு மைக் வரும். இந்த வருஷம் பிரசங்கம் நான். தலைப்பு ரூத். "நாப்பது வருஷம் சண்டே ஸ்கூல் எடுத்தவங்க, வூட்லயே ஒரு ரூத்த வச்சிருக்கறவங்க, அவுங்கள வுட்டா வேற யாரு பேசறது?" என்று பாஸ்டரம்மாவே சொன்னார்களாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உண்மைதானே? வடலூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்ச்செல்வியாக வந்தாய். ஞானஸ்நானத்தில் உனக்கு ரூத் என்று பெயர் வைக்கச் சொன்னவள் நான். வேதத்து ரூத்தும் வேறு ஜனத்தில் பிறந்து மருமகளாக வந்தவள். புருஷன் செத்த பிறகும் மாமியார் நகோமியை விட்டுப் போகாதவள். என் கிதியோன் மஞ்சள்காமாலையில் போய் ஆறு வருஷம் ஆகிறது, வேலைக்காகச் சிதம்பரத்தில் இருந்தாலும் நீயும் என்னை விட்டுப் போகவில்லை. இன்னொரு மருமகள் ஓர்பாள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாளே, அவள் பெயரை நம் சபையில் எந்தப் பிள்ளைக்காவது வைத்திருக்கிறார்களா பார்.

அன்றைக்கு நீ முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

ஜெபத்தோடு,
அத்தை ஞானப்பூ


மாரியப்பா நகர், சிதம்பரம்
25.6.2023

அன்புள்ள அத்தைக்கு ரூத் எழுதும் கடிதம். நான் நலம். இப்போது பகல் டூட்டிதான், கால் வீக்கம் பரவாயில்லை. காதுக்கு டாக்டரிடம் போனீர்களா? யார் சொன்னாலும் எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள்.

முதல் பெஞ்சில் என்னால் உட்கார முடியாது அத்தை. ஏன் என்பதைச் சுற்றி வளைத்து எழுதிப் பார்த்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். நேராகவே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறிவுமதியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன். ஜான் அறிவுமதி. மேல்பட்டாம்பாக்கம், நம் சபைதான். முப்பத்தெட்டு வயது. படுக்கையில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் அவருக்குக் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. அந்த அம்மாவும் போன வருஷம் தவறிவிட்டார்கள். மூன்று வருஷமாக ஒரே கேன்டீனில் டீ குடிக்கிறோம். இந்த ஈஸ்டர் முடிந்துதான் கேட்டார். "ஒங்க அத்தையக் கேட்டுட்டுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார்.

என் பெயர் கடலூர் சபைப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ஓலை அங்கேதான் வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதற்கு முன்னால் உங்கள் வாயால் சரி என்று கேட்க வேண்டும். கிதியோனை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை. ஆனால் எனக்கு முப்பத்து நாலு வயது அத்தை. சமைத்ததைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு அலுத்துவிட்டது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ரூத்


கடலூர்
20.8.2023

ரூத்துக்கு ஞானப்பூ எழுதுவது. சுகம்.

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் ஜாஸ்தி. காதுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன். பிரசங்கம் மூன்று பக்கம் எழுதியாயிற்று.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். கிதியோன் கல்லறையில் சிலுவையின் ஒரு கை உடைந்திருக்கிறது. இளவரசு சரிசெய்யச் சொல்லியிருக்கிறான். மாலை எப்போதும் நீதான் வாங்குவாய். வருவாய்தானே?

ஞானப்பூ


சிதம்பரம்
27.8.2023

அத்தைக்கு வணக்கம். உடம்பு நன்றாக இருக்கிறது. மனது நன்றாக இல்லை.

இரண்டு மாதம் தபால்காரரைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று. நீங்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடைந்த சிலுவையைப் பற்றியும் மாலையைப் பற்றியும் எழுதினீர்கள். நான் கேட்டதற்கு ஒரு சொல் இல்லை. மாலை வாங்குவேன். ஆறு வருஷமாக யாரும் சொல்லியா வாங்கினேன்?

நான் பிறந்து வளர்ந்தது உங்கள் வேதத்தில் இல்லை. இருபத்தைந்து வயதில், கிதியோன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டுகிற மாதிரி படித்தவள். அதனால் நீங்கள் தாண்டிப் போகிற இடமெல்லாம் எனக்குக் கண்ணில் படுகிறது. அந்தப் புத்தகம் நாலு அதிகாரம் அத்தை. சர்ச்சில் எப்போது பார்த்தாலும் ஒன்றாம் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள். விதவை மருமகள் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுவதோடு எல்லாருக்கும் மனசு நிறைந்துவிடுகிறது. மூன்றாம் அதிகாரத்தில் அந்த மாமியார் என்ன செய்தாள்? குளித்து, வாசனைத் தைலம் தடவி, நல்ல துணி உடுத்திக்கொண்டு சொந்தக்காரன் போவாஸ் ராத்திரி படுத்திருக்கும் களத்துக்குப் போ என்று மருமகளை அனுப்பினாள். ரூத் கடைசிவரை விதவையாக இருக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள்.

ஓர்பாளை ஏன் திட்டுகிறீர்கள்? அவளைத் திரும்பிப் போகச் சொன்னதே நகோமிதான். சொன்ன பேச்சைக் கேட்டது குற்றமா? எனக்குத் திரும்பிப் போக அம்மா வீடும் இல்லை. அப்பா செத்ததற்குக்கூட என் அண்ணன் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை.

இனிமேல் என்னை ரூத் என்று எழுதாதீர்கள். அந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டு அதில் பாதியைத்தான் கொடுப்பீர்கள் என்றால் எனக்கு வேண்டாம்.

தமிழ்ச்செல்வி


கடலூர்
10.9.2023

என் மகள் தமிழ்ச்செல்விக்கு அத்தை எழுதுவது. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு உடம்பில் ஒரு சூடு. காய்ச்சல் இல்லை, பயப்படாதே. வெட்கம்.

மூன்றாம் அதிகாரம் எனக்குத் தெரியாமலா இருக்கும்? நாற்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ரூத் கதை சொல்கிறேன். அந்த இடம் வந்தால் குரலைத் தாழ்த்தி ஓட்டமாக ஓடி, ரூத்துக்கு ஓபேத் பிறந்தான் என்று முடித்துவிடுவேன். ஒரு வருஷம் ஒரு பெண் பிள்ளை, "டீச்சர், களத்துக்கு எதுக்கு போனா?" என்று கேட்டது. "கதிர் பொறுக்க" என்று பொய் சொன்னேன்.

ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்கிறாய். பொறாமை. உன் கடிதத்தைப் படித்ததும் என் பிள்ளை இரண்டாம் தடவை செத்தான் போல இருந்தது. நீ அவன் பெண்டாட்டியாக இருக்கிற வரைக்கும் அவன் எங்கேயோ வெளியூர் போயிருக்கிறான் என்று நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. உன் வாழ்க்கையை வைத்து நான் அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இரண்டு மாதம் ஆயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. இதை இளவரசிடம் சொன்னதில்லை, கிதியோனிடமும் சொன்னதில்லை. உன் மாமனார் போனபோது எனக்கு முப்பத்தொரு வயது. பாடகர் குழுவில் அடிக்குரலில் பேஸ் பாடுகிற ஒருவர் என் மாமியாரிடம் வந்து என்னைக் கேட்டார். பெயர் வேண்டாம், நெய்வேலியில் பேரன் பேத்தியோடு இருக்கிறார். என் மாமியார் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ரூத் முதல் அதிகாரத்தை வாசித்தாள். வாசித்துவிட்டு மூடினாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர் பாடுகிற ஞாயிறுகளில் நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

என் மாமியார் செய்ததையே நான் பிரசங்கமாக மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன்.

அறிவுமதியிடம் ஓலைக்கு எழுதிக் கொடுக்கச் சொல். சரி என்று என் வாயால் கேட்க வேண்டும் என்றாய். இதோ, கையாலேயே எழுதித் தருகிறேன். சரி. சரி. ஆயிரம் தரம் சரி. இளவரசுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

முத்தங்களோடு,
அத்தை


சிதம்பரம்
1.10.2023

என் உயிர் அத்தைக்குத் தமிழ்ச்செல்வியின் அன்பு. உங்கள் கடிதத்தை லேபில் வைத்துப் படித்து அழுதேன். ரத்தம் கொடுக்க வந்த ஆள் தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துவிட்டார். அறிவுமதி உங்களைப் பார்க்க வரவேண்டும் என்கிறார். காது எப்படி இருக்கிறது?

நேற்று இளவரசு மாமா ஆஸ்பத்திரிக்கு வந்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். "நீ கல்யாணம் பண்ணிக்க வேணாம்னு சொல்லலம்மா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கோ. சர்ச்சில ஓலை வாசிச்சா சபைக் கமிட்டியில நான் எப்படித் தல நிமிந்து ஒக்காருவேன்? தம்பி பொண்டாட்டின்னு ஊரே சொல்லும்" என்றார். பேசும்போது அவருக்குக் கண் கலங்கியது. தம்பி மேல் அவருக்கு உயிர், அது எனக்குத் தெரியும்.

ரிஜிஸ்டர் ஆபீசிலேயே முடித்துவிடலாமா அத்தை? நீங்கள் சரி சொல்லிவிட்டீர்கள், எனக்கு அது போதும். நீங்கள் அந்த வீட்டில் இருக்க வேண்டியவர்கள்.

தமிழ்


கடலூர்
9.10.2023

தமிழுக்கு அத்தை எழுதுவது. நான் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு.

போதாது. உனக்குப் போதும் என்றாலும் எனக்குப் போதாது. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்வது தப்பில்லை, ஒளிந்து செய்வதுதான் தப்பு. எந்தச் சபை உனக்குத் தண்ணீர் தெளித்துப் பெயர் வைத்ததோ அந்தச் சபை உன் ஓலையைக் கேட்கட்டும். எஜமானி வீட்டிலிருந்து ஓடிய அடிமைப்பெண் ஆகார் வனாந்தரத்தில் ஒளிந்திருந்தபோது தேவதூதன் அவளைப் பேர் சொல்லித்தானே கூப்பிட்டான்?

கமிட்டி கூடிப் பேசிவிட்டது. விதவைக் கல்யாணத்துக்கு அவர்கள் சம்பிரதாயம் இதுவாம்: காலை ஆறு மணி, பக்கவாசல், பாடகர் குழு கிடையாது, தலையில் நெட் முக்காடு போடக் கூடாது. இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம் அப்படித்தான் நடந்தது. மணப்பெண் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. நான் பாஸ்டர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன், பத்து மணி, நடுவாசல், பாட்டு, நெட் என்று. "அம்மா, நான் புதுசா வந்தவன், என்ன மாட்டி வுடாதீங்க" என்றார். "மாட்டிக்கிறதுக்குத்தானே பாஸ்டரா வந்தீங்க" என்றேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். பாவம், நல்ல பிள்ளை.

பெண்கள் ஞாயிறுப் பிரசங்கத்திலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். காது கேட்காதவர் என்பது காரணமாம். பிரசங்கம் செய்ய வாய்தானே வேண்டும், காது எதற்கு?

நெட்டுக்குச் சைதுன் பீவி துணி வெட்டிவிட்டாள். ஓரத்துக்குச் சின்னச் சின்ன மல்லிப்பூ போடுகிறாள்.

அத்தை


சைதுன் பீவி வீட்டு மாடி, கடலூர்
6.11.2023

அன்பு மகளுக்கு, மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்து. எல்லாரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது, குடையில்லாமல் போகாதே. கல்லறைக்கு நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து மாலை கொண்டுவந்தது எனக்கு ஆறுதல்.

நேற்று முதல் ஓலை. நீ டூட்டியில் இருந்தாய், அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அறிவிப்பெல்லாம் முடிந்தது. பாஸ்டர் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து ஒரு தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. தாளை மடிப்பது தெரிந்தது. அடப்பாவி, வாசிக்காமலே மடிக்கிறானே என்று எழுந்து நின்றுவிட்டேன். அவர் வாசித்து முடித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்ட நேரம் அது. எனக்கு என்ன தெரியும்?

சர்ச்சே என்னைத் திரும்பிப் பார்த்தது. நாற்பது வருஷத்தில் ஓலைக்கு யாரும் எழுந்ததில்லை. கமிட்டி பெஞ்சில் இளவரசு முகம் மலர்ந்தது. அம்மாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தான் போல. பாஸ்டர் மைக்கைப் பிடித்து, "ஆட்சேபணை இருக்குதுங்களாம்மா?" என்றார். இது கேட்டது.

"இருக்குது. ஓலைய ஏன் முழுங்கறீங்க? எம் மருமவ என்னா திருட்டுக் கல்யாணமா பண்றா? மைக்கப் புடிச்சி வாசிங்க" என்றேன்.

மறுபடி வாசித்தார். இந்தச் சபையைச் சேர்ந்த விதவை ரூத் தமிழ்ச்செல்வி என்றார். நான் உட்காரவில்லை. "அந்த மாப்பிள்ள பேருக்கு முன்னால ஒண்ணும் காணோமே. இவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு? பேர மட்டும் வாசிங்க" என்றேன். பின்னாலிருந்து யாரோ ஒரு பொம்பளை என் காதுக்கே எட்டுகிற மாதிரி "ஆமென்" என்றாள். யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் தடவை உன் பெயர் மட்டும் வந்தது. ஸ்பீக்கரில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா!

அடுத்த இரண்டு ஓலையும் இப்படியே வாசிப்பார். 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை கல்யாணம்.

அத்தை


சிதம்பரம்
9.11.2023

அத்தைக்கு. நலம் விசாரிக்கக்கூடப் பயமாக இருக்கிறது. நேராகக் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தின் தலையில் விலாசம் மாறியிருக்கிறது. உள்ளே அதைப் பற்றி ஒரு வரி இல்லை. சைதுன் பீவி வீட்டு மாடியில் உங்களுக்கு என்ன வேலை? இளவரசு மாமா என்ன சொன்னார்? எல்லாரும் சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வீட்டில் எல்லாரும் சுகம்?

முப்பது வருஷம் இருந்த வீடு, அத்தை. எனக்காக அதை விட்டு இறங்கினீர்கள் என்றால், நான் எந்த முகத்தோடு நெட் போட்டுக்கொண்டு வருவேன்? கல்யாணத்தை நிறுத்திவிடட்டுமா? அறிவுமதியிடம் கேட்டேன். "ஒங்க இஷ்டம். ஆனா அத்தைய நம்ம வூட்டுக்குக் கூட்டியாந்துடலாம்" என்றார். வாருங்கள். நீங்கள் எங்கே தங்குகிறீர்களோ அங்கேதான் நானும் தங்குவேன். உங்களை விட்டுப் போகமாட்டேன். உண்மையாகவே சொல்கிறேன், ரூத் சொன்ன வசனத்துக்காகச் சொல்லவில்லை.

தமிழ்


கடலூர்
20.11.2023

என் தங்கத்துக்கு அத்தை எழுதுவது. மாடியில் நல்ல காற்று. சுகமாகத் தூங்குகிறேன். சைதுன் பீவி மீன்குழம்பு கொடுத்தே என்னைப் பெருக்கவைத்துவிடுவாள். பகலில் அவளுக்குக் கொக்கி தைத்துக் கொடுக்கிறேன். நீ சுகமாக இரு, இந்த வாரம் வெயிலிலும் மழையிலும் அலையாதே.

நிறுத்துவதா? நன்றாக இருக்கிறதே! மூன்று ஓலையும் முடிந்துவிட்டது. நேற்றைக்கு ஒருவரும் எழவில்லை. இளவரசுகூட எழவில்லை. தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கேட்டாய் என்பதால் சொல்கிறேன். அந்த முதல் ஞாயிறு வீட்டுக்கு வந்ததும், "தம்பி செத்தது ஒனக்கு மறந்துபோச்சா? அந்தக் கல்யாணத்துக்குப் போனீன்னா இந்தப் படி ஏறாத" என்றான். "கல்யாணத்துக்குப் போவத்தான் போறேன். அதுவரைக்கும் எதுக்கு ஒன் படியில குந்திக்கிட்டு இருக்கணும்?" என்றேன். வேதத்தையும் நாலு புடவையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். அவன் துரத்தினான் என்று யாரிடமும் சொல்லாதே, நானாகத்தான் இறங்கினேன். படியில் இறங்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவனும் நான் பெற்ற பிள்ளைதானே. கோபம் ஆறி அவன் வருவானா மாட்டானா என்று எனக்குத் தெரியாது. வராவிட்டாலும் நான் செய்ததில் மாற்றமில்லை.

உங்கள் வீட்டுக்கு நான் வரமாட்டேன். அந்த வசனத்தை எனக்குச் சொல்லாதே. என் மாமியாரிடம் நான் சொன்னேன், என்னிடம் நீ சொன்னாய், இத்தோடு போதும். புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் மாமியார் எதற்கு? அதுவும் மாப்பிள்ளைக்கு ஒட்டுமில்லாத உறவுமில்லாத மாமியார்! மாதம் ஒரு ஞாயிறு வா, சாப்பிடலாம். மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எழுது.

நேற்று பாஸ்டர் வந்து, பெண்ணைக் கைபிடித்து ஒப்புக்கொடுக்க யார் என்று கேட்டார். "அப்பா இல்ல, அண்ணன் வரமாட்டாரு, இளவரசும் முடியாதுன்னுட்டாரு. சபையில யாராவது ஒரு பெரியவரச் சொல்லட்டுங்களா?" என்றார். "நகோமி எந்தப் பெரியவரக் கேட்டு ரூத்த அனுப்புனா?" என்றேன். சிரித்துவிட்டார். "சரிம்மா, நீங்களே நில்லுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை, இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார் என்று அவர் கேட்பார். "கிதியோனப் பெத்தவ குடுக்கறேன்" என்று சொல்லப்போகிறேன். கமிட்டி பெஞ்சுக்கும் கேட்கட்டும், கல்லறையில் கிடக்கிற என் பிள்ளைக்கும் கேட்கட்டும். சொல்லிவிட்டு நான் அழுதால், அதற்காக யாரும் பாட்டை நிறுத்த வேண்டாம் என்று பாடகர் குழுவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

கார் டிரைவர் பழக்கதோஷத்தில் பக்கவாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். இறங்காதே. சுற்றிக்கொண்டு முன்னால் வரச்சொல். நான் நடுவாசல் படியில் நிற்பேன்.

அன்பு அம்மா,
ஞானப்பூ